பாட்டிலில் அடைத்த அரிசியும் பாழாய்ப்போன என் ஓவனும்

2020 ஏப்ரல். ஊரடங்கு எத்தனை நாள் நீளும் என்று ஒருத்தருக்கும் தெரியாத நேரம். வீட்டுக்காரர் நாலு சிப்பம் பொன்னி புழுங்கல், பத்து கிலோ தட்டைப்பயறு என்று கொண்டுவந்து ஹாலில் இறக்கிவிட்டார். நாங்கள் இருப்பது சென்னையில், உப்பு ஜாடியே கசிகிற வீடு.

அமெரிக்காவில் இருக்கும் ஓரகத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணாடி பாட்டில் நிறைய அரிசியைக் கொட்டி, ஓவனில் ஒரு மணி நேரம் சூடாக்கி, சுடச்சுட மூடியை இறுக்கினால் வருஷக்கணக்கில் கெடாதாம். 'டிரை கேனிங்' என்று பேர். சேர்த்து வைத்திருந்த ஊறுகாய் பாட்டில் ஆறை எடுத்து நானும் இறங்கினேன். நாற்பதாவது நிமிஷம் 'டப்'. ஒரு பாட்டிலின் அடி வட்டமாகக் கழன்று, அரிசி கம்பி மேல் கொட்டி, வீடு முழுக்கப் பொரியரிசி வாசனை. கண்ணாடிச் சில்லு கலந்த அரிசியை என்ன செய்ய? குப்பைக்குத்தான் போனது.

மிச்ச அஞ்சு பாட்டிலின் கதை ரெண்டு மாசம் கழித்துத் தெரிந்தது. காய்ந்த அரிசி என்கிறோமே, அதிலும் நூறு கிராமுக்கு 12, 13 கிராம் தண்ணீர் உண்டு. சூட்டில் அது ஆவியாகி, ஆறும்போது மூடியின் உள்பக்கம் வேர்த்து, மேல் அரிசியில் சொட்டியிருக்கிறது. திறந்தால் ஒரு விரல் கனத்துக்குக் கட்டி, அதன் மேல் பச்சைப் பூசணம். அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறையினரே இந்த முறை வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். இதை முதலில் படித்திருக்கக் கூடாதா!

தட்டைப்பயறை சூடு பண்ணாமல் அப்படியே அடைத்திருந்தேன். மூடி திறக்காத பாட்டிலுக்குள் வண்டு ஓடியது. எங்கிருந்து வந்தது? நாலு பயறை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தோல் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். முட்டை! வயலில் காய் முற்றும்போதே இட்டுவிடுமாம். அரிசி வண்டு இன்னும் கில்லாடி. மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து, வாயையும் பூசி அடைத்துவிடும். என்னதான் புடைத்தாலும் கண்ணில் படாது.

இப்போது பயறு, பருப்பெல்லாம் முதலில் ஒரு வாரம் ஃப்ரீசரில். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, முழுசாகச் சூடு திரும்பட்டும், இல்லாவிட்டால் பயறு வேர்த்துவிடும். பச்சரிசியை நன்றாகக் காயவைத்து, இரும்புத்தூள் அடங்கிய ஆக்சிஜன் உறிஞ்சும் பாக்கெட் போட்டு காற்றுப் புகாமல் மூடுகிறேன். கைக்குத்தல் அரிசியை மட்டும் இப்படிச் சேர்க்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, ஆறு மாசத்தில் சிக்குவாடை வந்துவிடும்.

உங்கள் வீட்டில் எப்படி?

*

அக்கா, எனக்கு கிருஷ்ணகிரி பக்கம். தாத்தா காலத்துல ராகிய தரைக்குழில கொட்டி, கல்லு வெச்சு மூடி, மண்ணு பூசிடுவாங்க. உள்ள இருக்கிற காத்துல ஆக்சிஜன் தீர்ந்து போறதால பூச்சி தானா செத்துடும். நீங்க பாக்கெட் போட்டு செய்யறதும் அதேதான். ஆனா திறந்த உடனே யாரும் இறங்க மாட்டாங்க. கயித்துல விளக்கக் கட்டி இறக்குவாங்க, அணைஞ்சா அன்னிக்கு வேலை கிடையாது. எங்க தாத்தா இதுல ரொம்பக் கண்டிப்பு.

*

நான் பத்து வருஷமா அரிசி வியாபாரம். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். வண்டுக்குன்னு யாராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை குடுத்தா வாங்காதீங்க. அது குடோனுக்கு, அதுவும் பயிற்சி எடுத்த ஆள் போடுறது. ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு வரும், மூடின வீட்ல தூங்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க. போரிக் பவுடரும் அரிசில கலக்காதீங்க.

*

சகோ, மாத்திரை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. வேப்பிலை பற்றிக் கேட்டு ரெண்டு பேர் தனியாக எழுதியிருந்தீர்கள். போடலாம், பச்சையாக மட்டும் வேண்டாம். போன ஆடியில் அவசரத்துக்குப் பச்சை இலையைப் போட்டு ஒரு டப்பா துவரையைப் பூசணத்துக்குத் தாரை வார்த்தவள் சொல்கிறேன்.