தாத்தாவின் சிங்கிள் பேரல்: காலையில் வெடிப்பதில்லை, வெடித்தால் காலித் தோட்டா வெளியே வருவதில்லை

புதுக்கை:
வணக்கம். தாத்தாவின் 12 போர் (குழல் அளவு) சிங்கிள் பேரல் துப்பாக்கி, அவர் காலமான பிறகு வாரிசு உரிமத்தில் என்னிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. குதிரை (அடிக்கும் சுத்தி) வெளியே தெரியும் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி. கோவைப் பக்கம் ரைஃபிள் கிளப்பில் களிமண் தட்டு சுடப் பழகுகிறேன். இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

இந்த மார்கழியில் காலை ஏழு மணிக்குப் போனால் முதல் இரண்டு மூன்று தோட்டா ‘டிக்’ என்பதோடு சரி. பத்து மணிக்கு அதே பெட்டித் தோட்டா ஒழுங்காக வெடிக்கிறது. வெடித்த பிறகு குழலை மடக்கினால் காலித் தோட்டா பாதிதான் எழும்புகிறது, பேனாக்கத்தியால் நெம்பி எடுக்கிறேன். தோள் வேறு கன்றிப்போகிறது. கோளாறு தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

சாரல்:
தோட்டா நமத்திருக்கும். வேறு பெட்டி வாங்கிப் பாருங்கள்.

எஸ்டேட்காரர்:
நமத்த தோட்டா பத்து மணிக்கு மட்டும் எப்படி வெடிக்கும்? தம்பி, வெடிக்காத தோட்டாவின் பின்பக்கக் கேப்பில் (அடிபட்டதும் தீப்பற்றும் மூடி) பள்ளம் எவ்வளவு? காலித் தோட்டாவின் வாய் எப்படி இருக்கிறது? என்ன எண்ணெய் போடுகிறீர்கள்?

இன்னொன்று. ‘டிக்’ என்றதும் உடனே மடக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி எண்ணுங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். சத்தம் மந்தமாக வந்தால் அடுத்ததைப் போடும் முன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். உள்ளே அடைப்பு நின்றிருந்தால் குழல் கிழியும்.

புதுக்கை:
பள்ளம் கடுகு அளவுதான் அண்ணா, வெடித்ததில் மிளகு அளவு. வாய் ஓரம் பிய்ந்து நூல் நூலாக இருக்கிறது. எண்ணெய், தேங்காய் எண்ணெய். தாத்தாவும் அதைத்தான் போடுவார்.

எஸ்டேட்காரர்:
அதுதான் விஷயம். மார்கழிக் காலையில் குளியலறையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் எப்படி இருக்கும்? ஃபயரிங் பின் (கேப்பைக் குத்தும் ஊசி) ஓடும் துளைக்குள்ளும் அப்படித்தான் உறைந்து கிடக்கிறது. அந்த ஊசி மெதுவாகப் போய்க் கேப்பைத் தட்டுகிறது, அவ்வளவுதான். வெயில் ஏறினால் உருகிவிடும். பின்னைக் கழற்றித் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

தோட்டா சிக்குவது வேறு கதை, எனக்குப் பயம் அதில்தான். இனி ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில் பர்மிங்காம் சோதனை முத்திரை இருக்கலாம். 12-க்குப் பக்கத்தில் 2½ (அங்குலம்) என்று தெரிகிறதா? பெட்டியில் என்ன நீளம் போட்டிருக்கிறது?

புதுக்கை:
2½ இருக்கிறது. பெட்டியில் 70 மி.மீ. ஆனால் தோட்டா அறைக்குள் தாராளமாகப் போகிறதே?

எஸ்டேட்காரர்:
போகும், அதுதான் ஏமாற்று. பெட்டியில் போடுவது வாய் மடிப்பு விரிந்த பிறகுள்ள நீளம். சுடாத தோட்டா 60 மி.மீ.க்கும் குறைவுதான். உங்கள் அறை 2½ அங்குல, அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கு வெட்டியது. 70 அதில் வெடித்தால் வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் முட்டும். உள்ளே அழுத்தம் ஏறும். வாய் பிய்வதும் சிக்குவதும் அதனால்தான், தோள் கன்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கடையில் அறையை அளக்கச் சொல்லுங்கள். குழலில் முறுக்குப் பட்டை மாதிரி கோடு ஓடினால் அது டமாஸ்கஸ் குழல், இன்றைய வெடிமருந்துக்கு வேண்டாம், சுவரில் மாட்டிவிடலாம்.

அப்புறம் அந்தக் குதிரை. பழையவற்றில் அது ஃபயரிங் பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தோட்டாவோடு கீழே விழுந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம். சுடும் இடத்தில் நின்ற பிறகுதான் தோட்டா போட வேண்டும்.

புதுக்கை:
கடைக்காரர் அளந்தார், 65-தான். குழல் சாதாரண எஃகு, குழி விழவில்லை. அறைக்குள் பழைய பிசின் இருந்ததாம், வெண்கலப் பிரஷ் போட்டு எடுத்தார். நேற்று 65 தோட்டா பத்து சுட்டேன். காலை ஏழு மணி, ஒரு ‘டிக்’ இல்லை. காலித் தோட்டாவை நகத்தாலேயே எடுக்கிறேன்.

தாத்தா அலமாரியில் மஞ்சளாக, கொஞ்சம் ஒல்லியாக நான்கு தோட்டா கிடைத்தது. அதுவும் போகுமா?

எஸ்டேட்காரர்:
போடவே போடாதீர்கள்! அது 20 போராக இருக்கும். 12 போரில் போட்டால் அறையைத் தாண்டி வழுக்கிப் போய் உள்ளே நிற்கும், பார்த்தால் காலி மாதிரி இருக்கும். பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் கை மிஞ்சாது. அது உங்கள் உரிமத்திலும் வராது. கடைக்காரருக்கு இப்போதே போன் போட்டு, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.