ஸ்மார்ட் உற்பத்தி லேப் எடுக்கலாமா?

தண்டையார்பேட்டை மாணவன்:
மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். விருப்பப் பாடமாக ஸ்மார்ட் உற்பத்தி லேப் இருக்கிறது. எண்ணூர், மணலி பக்கம் வேலைக்குப் போக இது உதவுமா அண்ணா, இல்லை லேத்திலேயே கை பழகட்டுமா?

மணலி மெயின்டனன்ஸ்:
கண்டிப்பாக எடு தம்பி. அந்த லேபில், பொருளைச் சுமந்து போகும் பேலட்டில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி சில்லில் (ரேடியோ அலையால் தொடாமலே படிக்கக்கூடியது) அந்த ஆர்டருக்கு எந்த நிற மூடி, எத்தனை துளை என்று இருக்கும், ஸ்டேஷனுக்கு வந்ததும் ரீடர் அதைப் படித்து பிஎல்சிக்கு, அதாவது மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லிவிடும், அதனால் அடுத்தடுத்த பொருள் வேறு வேறாக இருந்தாலும் லைன் நிற்காது. இதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும்.

எண்ணூர் ஃபிட்டர்:
லேத்தையும் விடாதே. துளை கோணலாக விழுந்தால் டிரில் மழுங்கியதா, பொருளைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் ஆடுகிறதா என்று கை பழகியவனுக்குத்தான் தெரியும்.

வியாசர்பாடி:
அப்புறம் எம்க்யூடிடி படி, சென்சார்களும் மெஷின்களும் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பிக்கொள்ளும் முறை அது. 1999இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கத்தான் உருவாக்கினார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற மணலியில் வேலை தேடுகிறவனுக்கு அவசியம்.