இரண்டு நாள் சான்றிதழ் போதுமா, தேர்வும் எழுத வேண்டுமா? பினாங்கில் வீடு விற்கும் தொழிலுக்கு வருபவரின் கேள்வி

பிறைக்கரை எழுதியது:
பிறைத் தொழிற்பேட்டையில் ஆறு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன் நான். இப்போது சொத்து முகவர் தொழிலுக்கு வர எண்ணி, ரென், அதாவது ஒரு முகவர் நிறுவனத்தின் கீழ் வீடு விற்றுக் கொடுக்கும் பேரப் பேச்சாளர், ஆவதற்கான இரண்டு நாள் பயிற்சியைப் போன மாதம் முடித்தேன். ஜார்ஜ் டவுனில் ஒரு நிறுவனம் என்னைத் தன்னிடம் பதிவு செய்துகொள்ளத் தயாராக இருக்கிறது. ஆனால் என் அண்ணன், அதோடு நின்றுவிடாமல் தேர்வெழுதிப் பதிவு பெற்ற முகவராகவே ஆகிவிடச் சொல்கிறார். உடன் பயின்ற நண்பனோ அது வீண் செலவு என்கிறான். இத்தொழிலில் இருப்பவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பர்மா சாலை எழுதியது:
தம்பி, பதினொரு ஆண்டுகளாக ரென் ஆகவே இருக்கிறேன். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். இதுவரை எந்த வீட்டுக்காரரும் என்னிடம் சட்டப் பிரிவின் எண்ணைக் கேட்டதில்லை. வீட்டுக்கு எதிரே கார் நிறுத்த இடம் இருக்கிறதா, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுமா, மேல்மாடிக்காரர் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்கிறார்கள். சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர் இருக்கிறார், உரிமத்துக்கு நிறுவனம் இருக்கிறது. இரண்டு பகுதி எழுத்துத் தேர்வு, அதன்பின் இரண்டு ஆண்டு செய்முறைப் பயிற்சி, கடைசியில் தொழில்திறன் சோதனை என்று நீங்கள் அலையும் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? சம்பளம் இல்லாத தொழில் இது, விற்றால்தான் காசு.

கிராந்து அக்கா எழுதியது:
வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வீட்டுப் பத்திரக் கோப்புகளைக் கையாள்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்பது பாதிதான் உண்மை, ஏனென்றால் முன்பதிவுப் படிவத்தில் கையெழுத்தாகி, முன்பணமும் கை மாறிய பிறகுதான் கோப்பு எங்கள் மேசைக்கு வருகிறது.

போன ஆண்டு வந்த ஒரு கோப்பு நினைவில் நிற்கிறது. பெருநிலப் பக்கம் ஒரு தரைவீடு, தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை நிலம். கிராந்தில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், ‘செகாத்தான் கெப்பெந்திங்ஙான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற தலைப்பின் கீழ், மாநில அரசின் அனுமதியின்றி இந்நிலத்தைக் கை மாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. விற்றுக் கொடுத்த ரென் அந்த வரியைப் படிக்கவே இல்லை. மூன்று மாதத்தில் சாவி கைக்கு வந்துவிடும் என்று வாங்குபவரிடம் சொல்லியிருக்கிறார். இத்தகைய நிலத்துக்கு அந்த மூன்று மாதக் கணக்கே அனுமதி கிடைத்த பிறகுதான் தொடங்கும். அவர் சொல்லை நம்பி, வாங்கியவர் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியில் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் தங்கினார்கள். தம்பி, அந்த ஒரு வரியைப் படிக்க வழக்கறிஞர் தேவையில்லை.

பர்மா சாலை எழுதியது:
அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ரென் பிழை செய்தது தேர்வு எழுதாததால் அல்ல, கிராந்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காததால். என் முதல் ஆண்டிலேயே மூத்தவர் ஒருவர் கிராந்தைப் பிரித்து வைத்து வரிவரியாகக் காட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு எதற்கு ஆண்டுக்கணக்கில் படிப்பு?

பதிவு முகவர் எழுதியது:
இருவரும் ஒரு முக்கியமான இடத்தைத் தொடாமலே போகிறீர்கள். நம் தொழிலை ஆள்வது 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம். அதன்படி முகவர் தொழில் நடத்தும் உரிமை பதிவு பெற்ற முகவருக்கே உண்டு. ரென் என்பவர் ஒரு நிறுவனத்தின் கீழ், அதன் பெயரில், அதன் பொறுப்பில் பேரம் பேசுபவர். தனியாகக் கடை விரிக்கவோ, கட்டணத்தைத் தன் பெயரில் வாங்கவோ அவரால் முடியாது. பதிவே இல்லாமல் இந்த வேலையைச் செய்பவருக்கு 300,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதைவிட உறைக்க வேண்டியது, அப்படிப்பட்டவர் பேசிய கமிஷனைக் கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்க அவருக்கு வழியே இல்லை என்பதுதான்.

பர்மா சாலை அண்ணன் பதினொரு ஆண்டு நிம்மதியாக இருந்தார் என்றால், அவருக்குப் பின்னால் ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். அந்தக் கையெழுத்துக்கு உரியவன் நான் என்பதால் இரவில் தூக்கம் கெடுவதும் எனக்குத்தான்.

ஆயர் ஈத்தாம்வாசி எழுதியது:
நான் இந்தத் தொழிலில் இல்லை, அதில் அடிபட்டவன். 380,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பேசி, இரண்டு விழுக்காடாக 7,600 வெள்ளியை ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டேன். கழுத்தில் அட்டை தொங்கியது, வாட்சப்பில் ரசீதும் அனுப்பினார். விற்பவர் மனம் மாறியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்று நாளை என்று ஆறு மாதம் ஓடியது. பிறகுதான் அட்டையில் இருந்த எண்ணை, முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே அங்கு இல்லை. அந்த இரண்டு நாள் பயிற்சியில் பணத்தைப் பற்றி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பதிவு முகவர் எழுதியது:
ஐயா, உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். அவர் ரென் அல்லர், ரென் வேடம் போட்டவர். முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். அது நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காத தனிக் கணக்கு. யாருடைய சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. வீடு விற்பதில் கட்டணத்தின் உச்ச வரம்பு விலையில் மூன்று விழுக்காடு. மூன்றாண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்துக்கு ஒன்றேகால் மாத வாடகை. அதை உங்களை அமர்த்தியவரிடம்தான் வாங்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் முகவரைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. வீட்டுக்காரர் உங்களை அமர்த்தியிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் வேறு வழியில் நீங்கள் அடையும் ஆதாயத்தைத் தனக்குத் தரும்படி கேட்கும் உரிமையை அது அவருக்குக் கொடுக்கிறது. நான் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு விடை தெரியாத ரென்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். கிராந்து படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு அடுத்துத்தான்.

கிராந்து அக்கா எழுதியது:
தஞ்சோங் பூங்கா நில வழக்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்குச் சொந்தமான நிலத்தை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு பெண் பொய்ச் சத்தியப் பிரமாணம் கொடுத்து மாற்றுப் பத்திரம் வாங்கி, அடோர்னா என்ற நிறுவனத்துக்கு 18 லட்சம் வெள்ளிக்கு விற்றுவிட்டார். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டு நாடே புலம்பிய பிறகு, 2010இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்றது. நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, மோசடிக்காரரிடம் நேரடியாக வாங்கியவரைக் காப்பாற்றாது. அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய அடுத்தவரையே காப்பாற்றும். ஆகவே இன்று உங்கள் வாடிக்கையாளர் ஆள்மாறாட்டக்காரரிடம் வாங்கினால் வீடும் போகும், பணமும் போகும்.

பர்மா சாலை எழுதியது:
அக்கா, உங்கள் எடுத்துக்காட்டே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. பதிவு அலுவலகம், பத்திரம், சத்தியப் பிரமாணம் எல்லாவற்றையும் தாண்டித்தானே அந்தப் பெண் விற்றார்? படித்தவர்கள் நிறைந்த இடத்தில் நடந்தது அது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பழகிய ஒருவர் நடுவில் நின்றிருந்தால், ‘இந்த அம்மாவை இங்கே யாருக்கும் தெரியவில்லையே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பணம் நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆயர் ஈத்தாம் ஐயாவுக்கு நடந்ததைப் படிக்கையில் வயிறு எரிகிறது. தேர்வு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை. மூன்று விழுக்காடு என்பது உச்ச வரம்பு. நான் பார்க்கும் வீட்டுக்காரர்கள் பலர் இரண்டுக்கே முகம் சுளிக்கிறார்கள். 400,000 வெள்ளி வீட்டுக்கு அது 8,000. அதிலும் நிறுவனத்தின் பங்கு போக மீதிதான் நமக்கு. தம்பி முதலில் நான்கு வீடு விற்கட்டும், தேர்வைப் பிறகு யோசிக்கலாம்.

பிறைக்கரை எழுதியது:
அனைவருக்கும் நன்றி. நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன், தேர்வுக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. முதல் வீடு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடி. அக்கா சொன்னபடி கிராந்தைக் கேட்டேன். தன் வீட்டுக்குத் தனிக் கிராந்தே இன்னும் வரவில்லை, கையில் இருப்பது வாங்கிய ஒப்பந்தம் மட்டும்தான் என்கிறார் உரிமையாளர். இப்போது நான் எதைப் பார்ப்பது?

கிராந்து அக்கா எழுதியது:
ஸ்ட்ராட்டா கிராந்து (அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்குமான தனிக் கிராந்து) வராத வீடுகள் இங்கே இன்னும் உண்டு தம்பி, பயப்பட வேண்டாம். முதலில் முழுக் கட்டடத்துக்குமான மூலக் கிராந்தை நில அலுவலகத்தில் தேடி எடுங்கள். கட்டுப்பாடோ கேவியட்டோ (கை மாற்றத்தைத் தடுக்கப் பதிந்த தடைக் குறிப்பு) இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு உரிமையாளர் வாங்கிய ஒப்பந்தத்தையும், இடையில் கை மாறியிருந்தால் ஒவ்வோர் உரிமை மாற்றுப் பத்திரத்தையும் வரிசையாக வாங்கிப் பெயர்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று பாருங்கள். வங்கிக் கடன் நிலுவை உண்டா என்று அவரையே கேளுங்கள். இப்போதைய உரிமையாளர் இவர்தான் என்று மேம்பாட்டாளரிடமிருந்து கடிதம் வேண்டும். அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதை இன்றே விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் அது கலைக்கப்பட்டிருந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதே தனி வேலை.

பதிவு முகவர் எழுதியது:
இத்தனையையும் பார்த்து முடிக்கும்வரை விளம்பரத்தைப் போட வேண்டாம். உங்களை அமர்த்துவதாக உரிமையாளர் எழுத்தில் கையெழுத்திட்ட கடிதமும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்.