நாற்றுக்கு ‘ஹார்டனிங் ஆஃப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்கார்பரோ (கனடா), திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நர்சரி ஒன்றுக்கு வசந்தகாலத் தோட்டக் குறிப்பு ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டி, பாகல் என்று வாங்க வருகிறவர்களில் நம் ஊர் அம்மம்மாக்கள் நிறைய. வீட்டுக்குள் விளக்கின் கீழ் வளர்த்த கன்றை மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையில் நேரே கொண்டுபோய் மண்ணில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் வெயில் அடித்ததும் இலை வெளிறிக் காகிதம் போலாகிவிடுகிறது.

அதைத் தடுக்கத்தான் இந்த ஹார்டனிங் ஆஃப். நடுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும். முதலில் காற்று அடிக்காத நிழலில் ஓரிரு மணி நேரம், அப்புறம் காலை வெயில், பிறகு மெல்ல மெல்ல முழு நாள். இரவு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுத்துவிட வேண்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டும், உரத்தை நிறுத்த வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு சொல் தேவை. ‘கடினப்படுத்தல்’ என்று போட்டிருந்தேன். மாமியார் வாசித்துவிட்டு, “ஏன் பிள்ளை, கன்றைக் கஷ்டப்படுத்தவோ சொல்லுது?” என்று கேட்டார்.

கோவை, செவ்வாய் காலை

அக்கா, இருக்கிற சொல்லை ஏன் தள்ள வேண்டும்? திசு வளர்ப்பு வாழை வாங்குகிற உழவர் எல்லோருக்கும் கடினப்படுத்துதல் தெரியும். ஆய்வுக்கூடக் குப்பியிலிருந்து எடுத்த கன்று பசுமைக்குடிலில் ஒரு கட்டம், நிழல்வலைக்கு அடியில் இன்னொரு கட்டம், அதற்குப் பிறகுதான் வயல். கன்று பழகுவது இரண்டு ஊரிலும் ஒன்றுதானே? ஊருக்கு ஒரு சொல் என்று கிளம்பினால் நாளைக்கு இணையத்தில் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது.

தஞ்சாவூர், செவ்வாய் மதியம்

கடினம் வடசொல். நமக்கு வன்மை இருக்கிறது, வன்மையூட்டல் என்று தாராளமாகச் சொல்லலாம். அதைவிட நல்ல சொல் ஒன்று தொல்காப்பிய மரபியலிலேயே கிடக்கிறது. “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.” வெளியே வைரம் பாய்ந்த பனையும் தென்னையும் புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். ஹார்டனிங் ஆஃபில் என்ன நடக்கிறது? இலையின் மேல் மெழுகுப் படலம் தடிக்கிறது, காற்றில் ஆடி ஆடித் தண்டு திரள்கிறது. புறத்தே காழ் ஏறுகிறது, அவ்வளவுதான். வள்ளுவரும் “களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து” என்று வினையாகவே ஆண்டிருக்கிறார். அந்தக் காழ்தான் மனத்தில் இறுகினால் காழ்ப்பு. மரத்தையும் மனத்தையும் ஒரே கண்ணால் பார்த்த மொழி இது. ‘காழேற்றல்’ என்று வையுங்கள்.

சிங்கப்பூர், செவ்வாய் இரவு

காழேற்றல் படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்தத் தாளோடு ஓர் அகராதியும் கொடுக்க வேண்டிவரும். உரம் என்றாலும் வலிமைதானே? ‘உரமேற்றல்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

ஸ்கார்பரோ, புதன்

உரமேற்றல் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. உரத்தை நிறுத்த வேண்டிய வாரத்தில் ‘உரமேற்றவும்’ என்று எழுதினால் யூரியாவை அள்ளிப் போட்டுவிடுவார்கள், கன்று கொழுகொழுவென்று இளந்தளிராக விட்டு முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

புலவர் ஐயா, உங்கள் குறள் முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டச் சொல்கிறது, நான் கத்தரிக்கன்றைப் பிழைக்கவைக்கப் பார்க்கிறேன். காழ்ப்பு என்றதும் பகைதான் எல்லோர் நினைவுக்கும் வரும்.

கோவைத் தம்பி, விதையை நீரிலோ உப்புக் கரைசலிலோ ஊறவைத்து, திரும்ப நிழலில் உலர்த்தி மானாவாரியில் விதைப்பதையும் உங்கள் பக்கத்தில் விதை கடினப்படுத்துதல் என்றுதானே சொல்கிறீர்கள்? ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. ‘வெயில் பழக்கல்’ எப்படி?

யாழ்ப்பாணம், புதன்

வெயில் மட்டுமில்லையே அக்கா, உங்களுக்குக் குளிரும் காற்றும்தானே பெரிய பிரச்சினை? நாங்கள் நாற்றுமேடையில் நிழலுக்குப் போட்ட கிடுகை (பின்னிய தென்னோலையை) எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறைப்போம், அதற்குப் பேரே வைத்ததில்லை.

கோவை, புதன் இரவு

யானையையும் பழக்குகிறோம், மாட்டையும் பழக்குகிறோம். அது கலைச்சொல் ஆகாது.

தஞ்சாவூர், புதன் இரவு

பழகு தன்வினை, பழக்கு பிறவினை, இலக்கணத்தில் குறையில்லை. போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன், தாளில் ‘வசந்தகாலம்’ என்று போடாதீர்கள், இளவேனில் இருக்கிறதே. சித்திரையும் வைகாசியும் உங்கள் நடவுக் காலத்துக்கே சரியாக வருகிறது.

ஸ்கார்பரோ, வியாழன்

ஐயா, மாதம் பொருந்துகிறது, வேனில் பொருந்தவில்லை. இங்கே சித்திரை பிறந்த பிறகும் பனி கொட்டும், மே மாதத்திலும் உறைபனி எச்சரிக்கை வரும். வேனில் என்று வாசித்தால் வெக்கை வந்துவிட்டது என்று நினைத்துக் கன்றை வெளியில் வைத்துவிடுவார்கள். வசந்தகாலமே இருக்கட்டும்.

தலைப்பு இப்போதைக்கு ‘நாற்றை வெளியில் பழக்குதல்’. யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும் சரி என்றுவிட்டார்கள், மாமியாருக்கும் கேள்வி இல்லை. நாற்றைக் கையில் வைத்திருக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிட வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

கோவை, வியாழன்

அச்சுக்குப் போகட்டும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது என் வாக்கு கடினப்படுத்துதலுக்குத்தான், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், வியாழன்

என் வாக்கு வன்மையூட்டலுக்கு. காழேற்றலையும் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள், ஒருவர் தேடிப் படித்தால்கூடப் போதும்.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

அக்கா, அனுப்ப முன் ஒரு திருத்தம். ‘தண்ணீரைக் குறைக்கவும்’ என்பதோடு ‘வாடவிட வேண்டாம்’ என்றும் சேருங்கள். பாகலும் வெண்டியும் வேரை அசைத்தால் தாங்காது, மண்கட்டி உடையாமல் நடச் சொல்லுங்கள்.