பெர்காவின் பதூம் திருவிழா: குழந்தையோடு போகலாமா?

கேள்வி: பார்சிலோனாவில் வசிக்கிறோம். கார்ப்பஸ் கிறிஸ்டி (கத்தோலிக்கத் திருநாள்) வாரத்தில், பதூம் பார்க்க, இங்கே கத்தலோனியாவிலேயே உள்ள பெர்கா என்ற ஊருக்குப் போக ஆசை. ஆறு வயது மகள் இருக்கிறாள். நெருப்பு நிறைய என்கிறார்களே?

பதில் 1: இரண்டு முறை போயிருக்கிறேன். குழந்தையோடு என்றால் வெள்ளிக்கிழமை போங்கள், அன்று சிறுவர்களுக்கான பதூம். வியாழன், ஞாயிறு இரவுகள் வேறு ரகம். சான் பெரே சதுக்கத்தில் நகர இடமிருக்காது. கித்தா என்ற நீண்ட கழுத்து மிருகம் வாயிலிருந்து தீப்பொறி கக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே பாயும். அப்புறம் ப்ளென்ஸ்: விளக்குகளை அணைத்துவிடுவார்கள், பச்சை இலை போர்த்திய பிசாசுகள் தலையில் வெடிகளோடு குதிக்கும். என் சட்டையில் ஏழு ஓட்டை! பழைய பருத்தி முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்துத் துணி கட்டாயம். நைலான் வேண்டவே வேண்டாம். (விழாவில் அடிக்கும் பெரிய முரசின் பெயர் 'தபால்'. அஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பதில் 2: பெர்காவுக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். 2005-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த விழா, அறையை முன்கூட்டியே பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, வெள்ளிக்கிழமையே. மகளுக்குக் காதடைப்பான் வாங்கிவிட்டேன்.