[சொல்லாக்கம்] ஓவர்பிரிண்ட், கேன்சலர்: ஜப்பானியர் கால மலாயா தபால்தலைகளுக்குச் சொல் வேண்டும்

ஈப்போவிலிருந்து:
வணக்கம். தபால்தலைக் கண்காட்சி ஒன்றுக்குத் தமிழில் விளக்கப் பலகைகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அஞ்சலகங்களில் மிஞ்சியிருந்த தலைகளும் கருவிகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. புதுத் தலை அச்சிட நேரமில்லை. மார்ச்சிலேயே பழைய தலைகள்மேல் தங்கள் அடையாளத்தைக் குத்தி விற்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் கையால் குத்தியது, பிறகு அச்சகத்தில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று அடித்தது ('டாய் நிப்பான்' என்றால் மகா ஜப்பான்). கடிதத்தில் ஊர்ப்பெயரும் தேதியும் குத்தும் கருவிகளான பழைய கேன்சலர்களும் ஓய்வு பெறவில்லை; ஊர்ப்பெயர் அப்படியே இருக்க, ஆண்டு 2602 ஆனதும் உண்டு.
குத்தும் கருவி, கடிதத்தில் விழும் தடம், தலைமேல் ஏறிய எழுத்து (ஓவர்பிரிண்ட்), மூன்றுக்கும் என் வரைவில் 'முத்திரை' என்றே நிற்கிறது. உதவுங்கள்.

மதுரையிலிருந்து:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: பொறி. பட்டினப்பாலையில் சுங்கக்காரர் பண்டங்களைப் 'புலி பொறித்துப் புறம் போக்கி' அனுப்புகிறார்கள். சேரன் இமயத்தில் வில் பொறித்ததும் இதே வினைதான். பிறர் பொருள்மேல் ஆள்பவன் இடும் அடையாளம், ஆகவே 'மேற்பொறி'. பர்மாவில் அதே 1942இல் ஆறாம் ஜார்ஜின் முகத்தின்மேல் மயிலை அச்சிட்டார்கள். புலி, வில், மயில்! கயல்தான் பாக்கி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
> மூன்றுக்கும் 'முத்திரை' என்றே நிற்கிறது
எங்களுக்கு முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவதுதான். 'முத்திரைமேல் முத்திரை குத்தினர்' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. பொறி என்றால் எலிப்பொறிதான் முதலில் ஞாபகம் வரும், ஐயா. மேலச்சு போதும்.

பினாங்கிலிருந்து:
மேலச்சு அச்சகத்தில் அடித்ததற்குப் பொருந்தும். பினாங்கில் ஒகுகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் சொந்த அடையாளமே தலைமேல் ஏறியது. அதில் அச்சு எங்கே? இங்கே சேகரிப்பவர்கள் சொல்வது 'சாப்'. தமிழ்நாட்டிலும் சாப்பா குத்துவது உண்டே.

கோவையிலிருந்து:
சாப்பா இந்தியிலிருந்து வந்தது. கலைச்சொல் பட்டியலில் அதற்கு இடமில்லை. 'இலச்சினை' என்று எழுதுங்கள்.

பினாங்கிலிருந்து:
> 'இலச்சினை' என்று எழுதுங்கள்
லாஞ்சனத்தின் பிள்ளை. இந்தியை வாசலில் நிறுத்திவிட்டு சமஸ்கிருதத்துக்கு நாற்காலி போடுகிறீர்கள்.

கும்பகோணத்திலிருந்து:
அஞ்சலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் 'சீல்' என்போம், தேதிக்கு மாற்றிப் போடும் சின்ன எழுத்தை 'டைப்' என்போம். பொறி, இலச்சினை எல்லாம் அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கருவிக்கு 'முத்திரைக் கட்டை', தடத்துக்கு 'முத்திரை' என்று வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அப்புறம், 2602 ஜப்பானியப் பேரரசு ஆண்டு. பக்கத்தில் 1942 என்று போடாவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் எதிர்காலக் கதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஈப்போவிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. கையால் குத்தியது சாப்பா, அச்சகத்தில் அடித்தது மேலச்சு, கருவி முத்திரைக் கட்டை. இப்படியே அனுப்புகிறேன். மலாக்காவில் ஒரே பெரிய சாப்பா நான்கு தலைகளில் பரவி விழுந்தது. தனித் தலையில் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். அதைக் 'கால் சாப்பா' என்று எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து:
காலில் குத்தியது என்று படிப்பார்கள். 'கால்பகுதி இலச்சினை' என்று மாற்றுங்கள். சாப்பாவுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
மதுரை ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் தங்கள் சொந்தத் தலைகளின்மேலேயே 'பி.எம்.ஏ. மலாயா' (பி.எம்.ஏ. என்றால் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம்) என்று அடித்தார்கள். 'பிறர் பொருள்மேல்' என்றீர்களே, இதை எங்கே வைப்பீர்கள்?

மதுரையிலிருந்து:
அதுவும் படை ஆட்சிதானே. பொறித்தவன் ஆண்டான், அவ்வளவுதான். மேற்பொறியே சரி. கயல் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.