நான்கு மணி நேர ஆட்டத்துக்கு என்ன ஸ்னாக்ஸ் வைக்கலாம்?

கேள்வி – புது கேம் மாஸ்டர்

வணக்கம். நான்கு ஆட்டக்காரர்கள், நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். கதை நன்றாகவே போகிறது, சாப்பாடுதான் தொல்லை. சீஸ் பொடி தூவிய சிப்ஸைத் தின்ற கையோடு பகடையை எடுக்கிறார்கள். கதாபாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட் முழுக்க எண்ணெய்க் கறை. ஒருவருக்கு வேர்க்கடலை அலர்ஜி. இன்னொருவர் பால், முட்டை, இறைச்சி எதையும் தொடமாட்டார். சென்ற முறை சண்டை உச்சத்தில் இருக்கும்போது பீட்சா வந்தது. சாப்பிட்டுத் திரும்பினால், அடுத்து யார் முறை என்றே யாருக்கும் நினைவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எங்கள் குழுவுக்கென்று ஏதாவது ஒரு வழக்கம் உருவானால் நன்றாக இருக்கும் என்ற ஆசையும் இருக்கிறது.

பதில் – பழைய கேம் மாஸ்டர்

முதலில் அலர்ஜியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வேர்க்கடலையைத் தனிக் கிண்ணத்தில் ஓரமாக வைத்தால் போதாது. பகடையும், மினியேச்சர் எனும் சிறு பொம்மைகளும் ஆட்டம் முழுக்கக் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் விரலில் ஒட்டியது அடுத்தவர் வாய்வரை போய்விடும். அந்த அறைக்குள்ளேயே வேர்க்கடலை வேண்டாம். எதை வாங்கினாலும் உறையின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள். கிண்ணத்தில் கொட்டிய பிறகும் உறையை எறியாதீர்கள், அவரே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கறைக்கு வழி சுலபம். திராட்சை, கேரட் துண்டு, வெண்ணெய் சேர்க்காத பாப்கார்ன் என்று விரலில் ஒட்டாதவற்றை வையுங்கள். சிப்ஸ் இல்லாமல் முடியாது என்பவருக்கு ஒரு ஜோடி சாப்ஸ்டிக் கொடுங்கள், உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. கிண்ணங்களும் கோப்பைகளும் பக்கத்தில் வேறொரு சிறு மேஜையில் இருக்கட்டும். வரைபடம் விரித்த மேஜையில் மூடியில்லாத பானம் கூடவே கூடாது.

பீட்சா விஷயத்துக்கு என் பதில்: சாப்பாட்டு நேரத்தைக் கதையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். பாதி ஆட்டத்தில் ஒரு பூட்டிய கதவு, ஒரு விடுதி, ஒரு மலைக்கணவாய், ஏதோ ஒன்று வரும்படி அமைத்து அங்கே நிறுத்துங்கள். பீட்சா அந்த நேரத்துக்கு வரும்படி ஆர்டர் செய்யுங்கள். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சதித் திட்டங்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய நல்ல திருப்பங்கள் பலவும் அங்கிருந்து வந்தவைதான். சண்டை நடுவே நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், எழுவதற்கு முன் இனிஷியேட்டிவ் வரிசையை, அதாவது யாருக்குப் பிறகு யார் முறை என்பதை, தாளில் எழுதி வைத்துவிடுங்கள். மிஞ்சிய சாப்பாட்டை உடனே ஃபிரிட்ஜில் வைக்கவும். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

பதில் – ட்ரூயிட் ஆடுபவர்

வழக்கம் கேட்டீர்களே, எங்களுடையதைச் சொல்கிறேன். என் கதாபாத்திரம் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி. அவர் போடும் குட்பெர்ரி மந்திரம் 10 பழங்கள் வரை தரும். ஒன்றைத் தின்றால் 1 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) திரும்பும், ஒரு நாள் பசியும் அடங்கும். நான் அந்த மந்திரத்தைப் போட்டதும் ஒரு கிண்ணத்தில் 10 திராட்சை வைத்துவிடுவேன். கதையில் யார் தின்கிறாரோ அவர் நிஜமாகவும் ஒன்றை எடுத்துத் தின்ன வேண்டும். கிண்ணம் காலியாகக் காலியாக மேஜையில் பதற்றம் கூடுவதைப் பார்க்க வேண்டும்! காயம் ஆற்றும் மருந்தான ஹீலிங் போஷனுக்குச் சிறு குப்பியில் ஜூஸ். குடித்துவிட்டுத்தான் 2 நான்குபக்கப் பகடைகளை உருட்டி, 2 கூட்டி, திரும்பும் ஹிட் பாயின்ட்டைக் கணக்கிடலாம்.

பதில் – கோப்ளின் வேட்டைக்காரர்

நாங்கள் எதிரிகளாக வரும் குட்டிப் பூதங்களான கோப்ளின்களுக்குப் பதிலாக கம்மி மிட்டாய்களை நிறுத்துவோம். கொன்றவருக்கே மிட்டாய். ஆனால் உங்கள் குழுவில் கவனம் தேவை: பல கம்மிகளில் இருக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் சேர்த்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. திராட்சைக் கிண்ணம் அடுத்த செஷனிலேயே வந்துவிடும், எங்களிடமும் ஒரு ட்ரூயிட் இருக்கிறார். இன்னொன்று: யார் வாங்கி வருவது என்பதை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பதில் – பழைய கேம் மாஸ்டர்

முறை வைத்துக்கொள்ளுங்கள். கதை தயார்செய்ய நேரம் செலவிடுகிற உங்களுக்கு அதில் விலக்கு உண்டு. கையில் பணம் இல்லாத வாரத்தில் ஒருவர் பாத்திரம் கழுவிக் கொடுத்தாலும் அது அவருடைய பங்குதான். இதை எல்லோர் முன்னிலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.